சாம்பல் சட்டைக் காவலன்

"செத்தவன் எப்படிங்க தக்காளி வளப்பான்?"

பதிப்பாசிரியர் கதைத் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டரைப் பார்த்தார். கோபமில்லை. தப்பான விடையைக் கண்ட கணக்கு வாத்தியாரின் பார்வைதான்.

'தூரத்து வெள்ளி' விண்வெளித் தொடர் தொலைக்காட்சியில் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் அதன் ரசிகர்கள் ஓய்ந்தபாடில்லை. ஆண்டுக்கொரு கரு, அதற்கொரு சிறுகதைத் தொகுப்பு என்று அந்தப் பதிப்பகமும் அவர்களை நம்பித்தான் பிழைத்தது. போன வருடத்துக் கரு கப்பலின் சமையலறை. இந்த வருடம், 'ஒரே ஒரு காட்சியில் வந்தவர்கள்'.

எந்தக் கதையும் பதிப்பாசிரியரைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும். திரையில் தெரிந்ததே வேதம், அதற்கு மாறாக ஒரு வரி வரக்கூடாது என்பது அவர் சட்டம். கேப்டன் இடது கையால் தேநீர் குடித்தார் என்று எழுதிய ஒரு பிரபல எழுத்தாளரின் கதையையே, கேப்டன் வலது கைக்காரர் என்று திருப்பி அனுப்பிய மகானுபாவர் அவர். அலுவலகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சட்டாம்பிள்ளை என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

டாக்டர் எழுதியிருந்தது சாம்பல் சட்டைக் காவலன் ஒருவனைப் பற்றி. கப்பல் ஒரு சிவப்புக் கோளில் இறங்கும். முதலில் வெளியே வரும் காவலன் எதிரியின் ஒளிக்கற்றை பட்டு விழுவான். மற்றவர்கள் அவனைத் தாண்டிக்கொண்டு ஓடுவார்கள். அவ்வளவுதான் அவன் பங்கு. வசனமும் கிடையாது, பெயரும் கிடையாது. டாக்டரின் கதையிலோ, கப்பல் போன பிறகு அவன் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அங்கேயே தக்காளி பயிரிட்டு வாழ்கிறான்.

கதை நன்றாக இருந்தது. கடைசிப் பக்கத்தைச் சட்டாம்பிள்ளையே இரண்டு முறை படித்திருந்தார். அதற்காகச் சட்டத்தை வளைக்க முடியுமா?

யோசிக்க விடாமல் வெளியே கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். வரவேற்பறையில் பெரியவர் ஒருவர் மர நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். கதை கொண்டுவந்திருக்கும் அடுத்த ஆளாக இருக்கும். சட்டாம்பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஆளை மட்டும் மாற்றிவிடுங்கள், இதே கதையைப் போட்டுவிடலாம் என்று இறங்கி வந்தார். ரோபோக்களுக்கு எண்ணெய் போடும் பெண் இருக்கிறாள், கப்பலின் தபால்காரர் இருக்கிறார், இரண்டு பேருமே சாகாதவர்கள். டாக்டர் மசியவில்லை. அந்தக் காவலன் என்றால் கதை, இல்லையென்றால் தாளைக் கொடுங்கள், போகிறேன் என்றார்.

"அவரு சாகல சார்."

"டாக்டரம்மா, அந்தக் காட்சிய நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"இப்ப முழிச்சிட்டுத்தானே இருக்கீங்க. ஒரு தடவை பாத்திருங்க."

அவர் கணினியில் அந்தக் காட்சியைப் போட்டார். வழக்கம்போல் கேப்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரையின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். வாய்க்குள் இருட்டில் பொட்டு அளவு ஓட்டையைத் தேடிப் பழகிய கண்ணாயிற்றே.

விழுந்து கிடந்த காவலனின் பூட்ஸ் நுனி மெல்ல ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது.

சட்டாம்பிள்ளை பின்னால் ஓட்டிப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தார். இத்தனை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தப்பவிட்டிருக்கிறாரே. அவமானமாக இருந்தது.

"நடிச்ச ஆளு அசைஞ்சிட்டாரு போல. அதையெல்லாம் கணக்குல எடுக்க முடியாது" என்றார். குரலில் பழைய சுருதி இல்லை.

"உங்க சட்டம் என்ன சார்? எடுத்தவங்க நெனச்சதா, திரையில தெரிஞ்சதா?"

தன் கயிறு தன் கழுத்துக்கே வந்ததை அவர் உணர்ந்தார். ஆனால் சட்டாம்பிள்ளை என்றால் சும்மாவா? தனக்கொரு நியாயம் ஊருக்கொரு நியாயம் என்பது அவரிடம் இல்லை. பேனாவை எடுத்துக் கதையின் தலையில் கையெழுத்துப் போட்டார்.

"அவன் உயிரோடதான் இருக்கான். கதை வருது" என்றார். பிறகு மனசு கேட்காமல், பெயர்கூட இல்லாத ஒருவனுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவானேன் என்று விசாரித்தார்.

டாக்டர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்க் கதவைத் திறந்தார்.

கிறீச், கிறீச். பெரியவர் இன்னும் அங்கேதான் இருந்தார். அவருடைய வலது காலின் செருப்பு நுனி மெல்ல ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது. சட்டாம்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் பெரியவரின் முன்னால் உட்கார்ந்து, அந்த முழங்காலின்மேல் கையை வைத்தார்.

"பொணமா நடிக்கக்கூடத் தெரியாதவன்னு சொல்லி அப்புறம் ஒருத்தரும் உங்கள நடிக்கக் கூப்பிடலியே, அப்பா. நீங்க சாகவே இல்லியாம், சார் கையெழுத்தே போட்டுட்டாரு."