ஆளில்லாக் கடற்கரை

“உங்க வீட்டம்மா படம் ஒண்ணு காட்டுங்க சார்.”

போலீஸ்காரம்மா இப்படிக் கேட்டதும் பல் டாக்டருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. படமா? அவரிடம் படத்துக்கா பஞ்சம்!

கடற்கரையை ஒட்டிய சின்னக் காவல் அறை அது. மனைவியைச் சாயங்காலத்திலிருந்து காணோம் என்று சொல்லத்தான் மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். கால் வலிக்கிறது என்று விடுதிக்குப் போனவள். அங்கே கேட்டால், வந்த சுருக்கில் வெளியே போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஃபோனை அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது. கடல் வேறு பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது.

கேமராவில் எடுப்பதையெல்லாம் உடனுக்குடன் ஏற்றிவைக்கிற கைப்பேசியைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.

மலை. அருவி. இன்னொரு மலை. மொட்டை மாடியிலிருந்து ஒரு நகரம். விளக்குப் போட்ட பிறகு அதே நகரம்.

“ஐயோ, இந்த அருவி எங்க சார் இருக்கு?” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் போலீஸ்காரம்மா. லீவு கிடைத்தால் போகலாமே என்ற ஆசை அவருக்கு.

கேட்க வேண்டுமா! மனிதர் ஆரம்பித்துவிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது, சாரல் படாமல் லென்ஸை எப்படி மூடி மூடித் திறந்தார், பக்கத்தில் நின்று எடுத்தவர்களெல்லாம் எப்படிக் கோட்டைவிட்டார்கள். பெண்டாட்டியைத் தேடி வந்தவர் என்பதே கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

ஞாபகம் வந்ததும் மறுபடி தள்ளினார்.

கல்யாணமானதிலிருந்து எல்லா ஊருக்கும் கூடவே வந்தவள், ஒரு படத்திலும் இல்லை.

எப்படி இருப்பாள்? கேமரா பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்பாள்! ஒரே ஒரு தடவை கோட்டைச் சுவர் ஒன்றில் அவள் நிழல் விழுந்து தொலைத்தது. அதையும் அன்றைக்கே துடைத்துவிட்டார்.

கல்யாண ஆல்பம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மச்சினியிடம் ஒரு படம் கேட்கலாம். ஆனால் மச்சினியின் நம்பர் மனைவியின் ஃபோனில்தான் இருக்கிறது.

சரி, என்ன கலர் உடுத்தியிருந்தார் என்று கேட்டார் போலீஸ்காரம்மா. அந்நேரம் வானம் என்ன கலரில் இருந்தது என்று கேட்டிருந்தால் டாக்டர் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பார்.

அந்தம்மா நல்ல மாதிரி. எரிந்து விழவில்லை. இன்றைக்கு எடுத்ததையாவது காட்டுங்கள், எந்த இடத்தில் இருந்தீர்கள் என்று பார்ப்போம் என்றார்.

இன்றைக்கு எடுத்ததில் தேறியது ஒன்றே ஒன்று. சூரியன் கடலைத் தொடுகிற நேரம். ‘ஆளில்லாக் கடற்கரை’ என்று பெயர் வைத்து, கையோடு நண்பர்களுக்குப் போட்டும் விட்டார். மனைவியைக் காணோம் என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னும் பாராட்டு வந்துகொண்டிருந்தது. தனிமையே ஒரு தவம் என்று இன்னொரு பல் டாக்டர் உருகியிருந்தார்.

போலீஸ்காரம்மா படத்தை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

“எங்க ஜீப்பு எங்க சார்? அங்கதானே நின்னுச்சு?”

டாக்டர் தலையைச் சொறிந்தார். ஜீப்பை எடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஜீப் மட்டுமா? பலூன் விற்கிறவர், நாய், பந்து விளையாடிய பிள்ளைகள், எல்லாம் சொத்தைப் பல் மாதிரி துருத்திக்கொண்டு நின்றால் அவர் கை சும்மா இருக்குமா? வலியில்லாமல், இருந்த தடம் தெரியாமல் எடுத்துவிடுவார். இதற்கென்று கைப்பேசியில் ஒரு வசதி இருக்கிறது.

எடுத்ததையெல்லாம் திரும்பப் போடச் சொன்னார் போலீஸ்காரம்மா. இப்போது அவர் குரலில் அருவி இல்லை.

போட்டார். பிள்ளைகள் வந்தார்கள், பந்தும் வந்தது. ஜீப் வந்தது. அதில் சாய்ந்து டீ குடித்தபடி போலீஸ்காரம்மாவே வந்தார். தன்னைப் பார்த்ததும் அந்தம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் அழித்தது கடைசியில்தான் திரும்பும். நட்ட நடுவில், சூரியனை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருவம் வந்து நின்றது. அது நகர்வதற்குள் சூரியன் முங்கிவிட்டது. அதனால்தான் டாக்டர் இந்தப் படத்தையே துடைத்துத் துடைத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

கறுப்பாக விழுந்ததை விளங்க வைக்கும் வித்தை அவருக்குத் தெரியாதா? உருவத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டினார்.

மஞ்சள் உடுப்பு. தோளில் பயணப் பை. அப்புறம் முகம்.

நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்க்கிற இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

“இவங்கதானா? உங்களத்தானே பாத்துட்டு நிக்கிறாங்க. என்ன சொன்னாங்க?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர்தான் சொன்னார். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரோ எவரோ என்று நினைத்து, மரியாதையாகவே சொன்னார்.

“மேடம், கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?”

அவளும் போய்விட்டாள். அவர் நன்றிகூடச் சொன்னார்.