திங்கட்கிழமைப் பெட்டி

"நான் வந்தப்புறம் இதோட இருபத்தஞ்சாவது காலிப் பெட்டி. எதுக்குன்னு யாருமே கேக்கலையா அண்ணே?"

"எதுக்குக் கேக்கணும் தங்கச்சி? கனம் இல்லை, உடையாது, ஒழுகாது. இப்படி ஒரு தங்கமான சாமானை இந்த ஏழு வருஷத்துல நான் தூக்கினதே இல்லை" என்றார் சக்கரம். பல்கலைக்கழகக் கிடங்கிலிருந்து எல்லாத் துறைகளுக்கும் தள்ளுவண்டியில் சாமான் கொண்டுபோகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவள் கையில் இருந்த சீட்டில் வாராவாரம் வரும் அதே வரி. 'காலி அட்டைப்பெட்டி ஒன்று. நன்றாக ஒட்டி அனுப்பவும்.' கீழே நாலாம் மாடிப் பேராசிரியரின் கையெழுத்து.

கிடங்குப் பொறுப்பாளராக அவள் சேர்ந்து வருகிற வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம். எந்தத் துறையிலிருந்தும் புகார் வராவிட்டால் வேலை நிரந்தரம், ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு. பிள்ளைகளோடு நாத்தனார் வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டு, 'இன்னும் எத்தனை நாள்?' என்று வாயைத் திறக்காமலே கேட்கும் அந்த முகத்தில் தினமும் விழிக்க வேண்டாம்.

ஆனால் அவள் நாக்கு சும்மா இருந்தால்தானே?

விலங்கியல் துறையில் கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டு சீப்பு கேட்டார்கள். எதற்கு என்றாள். பழ ஈ வளர்க்கிறார்களாம். தாத்தா ஈயின் கண் நிறம் பேரன் ஈக்கு வருகிறதா என்று பார்க்க. கல்வியியல் துறை, பின்னால் ரப்பர் இல்லாத பென்சில் நூறு கேட்டது. அழிக்க முடியாது என்று தெரிந்தால் பிள்ளைகள் யோசித்துக் கணக்குப் போடுகிறார்களா, பயந்துபோய்ப் போடாமலே விடுகிறார்களா என்று பார்க்கவாம். அன்று ராத்திரி தன் மகன் கையில் பேனாவைக் கொடுத்து அவளும் சோதித்தாள். அவன் நோட்டை மூடிவிட்டான்.

அடி தேய்ந்த செருப்பு நாற்பது ஜோடி கேட்டவர்தான் முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கேட்டார். "இது ஸ்டோரா, விசாரணைக் கமிஷனா?"

இப்போது பெட்டிப் பேச்சு காதில் விழுந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா பேச்சு? சீட்டுல கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"ஸ்டோர்ல பெட்டி இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அனுப்புங்க. அவங்க ஆராய்ச்சி பண்றவங்க, நாம அனுப்புறவங்க."

"காலிப் பெட்டியில என்ன சார் ஆராய்ச்சி?"

"உள்ள இருக்கிற காத்தை எண்ணுவாரு. உங்களுக்கென்ன வந்தது? செருப்பு விஷயத்துலயே புகார் எழுத வேண்டாம்னு உங்களுக்காக நான் கெஞ்சிக் கூத்தாடினேன். இனி ஒரு புகார் வந்தா வெள்ளிக்கிழமை என் கையெழுத்து விழாது. சொல்லிட்டேன்."

அவள் வாயை மூடிக்கொண்டு பெட்டியை ஒட்டினாள்.

"லிப்ட் வேற படுத்துட்டுது. என் முட்டி நாலு மாடி தாங்காதே" என்று சக்கரம் முழங்காலைப் பிடித்தார்.

"நீங்க உக்காருங்கண்ணே. நான் போறேன்."

"போனமா, வச்சமா, வந்தமான்னு இருக்கணும் தங்கச்சி."

மூன்று மாடி வரைக்கும் அப்படித்தான் இருந்தாள். நாலாம் மாடிக் கடைசி அறைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டிகள். அத்தனையும் கிடங்கு நாடா ஒட்டியவை. ஒவ்வொன்றின் மேலும் தேதி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பேராசிரியர் தலை நிமிரவில்லை. "அங்க வச்சிட்டுப் போங்கம்மா."

வைத்தாள். வந்தாள். நாலு படி இறங்கினாள். குடியிருப்பு வீட்டை நினைத்துக்கொண்டு ஐந்தாவது படியில் காலை வைத்தாள். முடியவில்லை, திரும்பி ஏறிவிட்டாள்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. இந்தக் காலிப் பெட்டியெல்லாம் ஏன் சார் வாங்குறீங்க?"

அவர் பேனா நின்றது. அவளைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார்.

"உங்க பேரு?"

சொன்னாள்.

"நீங்களா கேக்குறீங்களா, யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"கேக்காதேன்னுதான் சார் சொன்னாங்க."

அதையும் எழுதிக்கொண்டார். "சரி, நீங்க போகலாம்."

"சார், வெள்ளிக்கிழமை எனக்கு..."

"போகலாம்மா."

இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே சக்கரம் தலையில் கைவைத்துக்கொண்டார். "கேட்டுட்டியா?"

மறுநாள் காலை மேலாளர் ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? நாலாம் மாடியிலிருந்து நேரா துணைவேந்தருக்கே போயிருக்கு. நமக்கு நகல்னு உறை மேலயே எழுதியிருக்கு. உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கலை, உங்க முன்னாடியே பிரிக்கிறேன். நல்லாக் கேட்டுக்குங்க."

அவர் உறையைக் கிழித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடத்தில், அர்த்தமே இல்லாத ஒரு வேலையைப் பார்த்து 'ஏன்?' என்று ஒருவர் கேட்க எவ்வளவு காலம் ஆகும் என்ற என் ஆய்வு, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நிறைவடைந்தது. இனிப் பெட்டி வேண்டாம். கேட்ட அந்த அம்மாவை மட்டும் தயவுசெய்து நிரந்தரமாக்கிவிடுங்கள். இன்னொருவருக்காகக் காத்திருக்க எனக்கு வயதில்லை."