காற்றாடியும் நீலக் கயிறும்

வால் மடங்கவில்லை.

சமையலறை ஜன்னல் வழியாக அவள் மறுபடியும் பார்த்தாள். பகல் மூன்று மணிதான். வெளியே சாம்பல் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் இரும்புக் கம்பத்தின் உச்சியில் அவளுடைய காற்றாடி அலறிக்கொண்டு சுற்றியது.

சுற்றக் கூடாது. இந்தப் புயலில் இப்படிச் சுற்றவே கூடாது.

அவளே செய்தது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைப்பவள். பழைய லாரிச் சக்கரத்தின் அச்சு. கையால் சுற்றிய ஒன்பது காயில். வேப்பம் பலகையில் செதுக்கிய மூன்று இறக்கை. பின்னால், உடைந்த ஃபைபர் படகின் துண்டில் ஒரு வால். காற்று அளவு மீறினால் வால் கீலில் மடங்க வேண்டும். இறக்கைகள் காற்றுக்கு முகம் காட்டாமல் ஒருக்களித்துத் திரும்பிக்கொள்ளும். வேகம் தணியும்.

இரண்டு வருடமாக ஊரே சிரித்தது. கட்டிய புருஷன்கூட, "தையலு, உன் காத்தாடிக்குச் சோறு வச்சியா?" என்றுதான் கேட்பான்.

அந்தப் புருஷன் இப்போது கடலில் இருந்தான்.

மற்ற படகெல்லாம் நேற்றே கரை ஏறிவிட்டன. அவன் படகுதான் என்ஜின் மக்கர் செய்து, இன்னும் மூன்று பேரோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நேராக ஊர் முகத்துவாரத்துக்குத்தான் வரும். அங்கே மதியமே மணல் ஏறிவிட்டது. பனை உயர அலை உடைகிறது. நுழைந்தால் நாலு பேரும் போனார்கள்.

தெற்கே துறைமுகத்துக்குப் போகச் சொல்ல வேண்டும்.

ஊரில் கரண்ட் இல்லை. செல்போன் டவர் செத்துவிட்டது. மிஞ்சியது அவள் வீட்டு வயர்லெஸ். அதன் ஏரியல் அந்தக் கம்பத்தில்தான். அதற்குக் கரண்டும் அந்தக் காற்றாடி கொடுப்பதுதான். காலையில் அவள் அரிசி வாங்கப் போயிருந்தபோது அவன் ஒரு தரம் பேசியதாகக் கொழுந்தன் சொன்னான். அதற்கப்புறம் சத்தமில்லை.

கம்பம் உதறியது. அது சாய்ந்தால் வயர்லெஸ்ஸும் போச்சு. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கீலைச் சுற்றி நீலம்.

நைலான் கயிறு.

புயல் வருகிறதென்றால் இந்த ஊரில் எல்லாவற்றையும் கட்டுவார்கள். படகை, கூரையை, ஆட்டை, சைக்கிளை, குழாயடியில் கிடக்கும் குடத்தைக்கூட. கட்டாமல் எதையாவது விட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது.

"கலியா!"

கொழுந்தன் ஓடிவந்தான். முப்பத்தைந்து வயது, முறுக்கிய மீசை. அவள் காட்டிய இடத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமை.

"நான்தான் அண்ணி. ரெட்டை முடிச்சு. இனிமே அசையவே அசையாது."

"அசையணும்டா பாவி! அசைஞ்சாத்தான் அது நிக்கும்!"

பெருமை அப்படியே வடிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை.

அவள் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மொட்டை மாடியில் நிற்க முடியவில்லை. தவழ்ந்தாள். மழை ஊசியாகக் குத்தியது. பின்னாலேயே தவழ்ந்து வந்த கலியன் அவள் கால் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தான். கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து, மூங்கிலை மேலே நீட்டினாள்.

முதல் வீச்சு காற்றில் போனது.

இரண்டாவது கம்பத்தில் மோதித் தெறித்தது. கை மரத்துவிட்டது. தெருவில் மின்கம்பம் ஒன்று முறிந்து, அடுத்ததையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பயம்தான். வேறென்ன.

மூன்றாவது தடவை தொரட்டி நுனி அரிவாள் கயிற்றில் மாட்டியது. உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்துத் தொங்கினாள்.

அறுந்தது.

வால் படாரென்று மடங்கியது. காற்றாடி கழுத்தைத் திருப்பி ஒருக்களித்தது. அலறல் தணிந்து முனகலானது. கம்பத்தின் உதறல் நின்றது.

"அடி என் ராசாத்தி!" என்று அவள் காற்றாடியைப் பார்த்துக் கத்தினாள்.

அறுந்த கயிறு மடியில் வந்து விழுந்தது. அதையும் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தாள். நனைந்த சேலையோடு கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"முகத்துவாரம் வராதீங்க. மணல் மூடிருச்சு. தெக்கே போங்க. துறைமுகத்துக்குப் போங்க."

எத்தனை தடவை சொன்னாளோ. தொண்டை கட்டிய பிறகுதான் இரைச்சலுக்குள் ஒரு குரல்.

"கேக்குது. திருப்புறோம்."

அப்புறம் ஒரு மணி நேரம். மேலே காற்றாடி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"தையலு! நாலு பேரும் துறைமுகத்துக்குள்ள வந்துட்டோம்."

கலியன் துள்ளிக் குதித்தான். அவள் மேசையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"காத்தாடி நிக்குதா?" என்று கேட்டான் புருஷன்.

"நிக்குது. தெருவுல கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சு கிடக்கு. நம்மளுது நிக்குது."

"நிக்காதா பின்னே? காலையில கலியங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அது உங்க அண்ணி உசுருடா, வாலோட சேத்து இறுக்கிக் கட்டுடான்னு. கட்டினானா?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டினாப்ல. ரெட்டை முடிச்சு," என்றாள். "அதனாலதான் நிக்குது."

ஈரக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.