கோப்புப் படம்

பதினோராவது பேப்பர் துண்டையும் அந்த அம்மாள் மேஜையில் எடுத்து வைத்தபோது செய்தி ஆசிரியர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பதினோரு விபத்துச் செய்திகள். பதினொன்றிலும் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற ஒரே முகம்.

அந்த முகம்தான் இப்போது எதிர் நாற்காலியில், மடியில் கைப்பையும் கையில் ஒரு பழைய செல்போனுமாக உட்கார்ந்திருந்தது.

"இது நான்தான் தம்பி" என்றாள்.

சொல்லவே வேண்டியதில்லை, ஒன்பது வருடப் பழக்கம். படகு கவிழ்ந்தாலும் சரி, ரயில் தடம் புரண்டாலும் சரி, 'உறவினரைப் பறிகொடுத்துக் கதறும் பெண்' என்று அந்தப் படத்தைத்தான் அவர் போடுவார். அழுகை கையிருப்பில் இருக்கும்போது கேமராவோடு ஆளை எதற்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய படம் போட்டால் 'கோப்புப் படம்' என்று ஓரத்தில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு வார்த்தை மட்டும் எப்படியோ ஒவ்வொரு முறையும் விட்டுப்போகும்.

"இதை எங்க எடுத்தாங்க தெரியுமா தம்பி? ஏர்போர்ட் வாசல்ல. என் பையனை வெளிநாட்டுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். அவன் உள்ள போனதும் என்னால தாங்க முடியல. யாரோ வந்து படக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்படியாம்மா? எங்களுக்குத் தெரியாதே" என்று ஆசிரியர் கூசாமல் சொன்னார்.

"இப்பவும் அங்க உக்காந்துகிட்டு தினமும் உங்க பேப்பரைத்தான் இன்டர்நெட்ல படிக்கிறான்."

"ரொம்ப சந்தோஷம்மா." சந்தோஷம் உதட்டோடு நின்றது. சம்பந்தமில்லாத ஒருவர் படத்தைத் திருடன் என்று போட்டுவிட்டு இன்னொரு பத்திரிகை நான்கு மாதம் முன்பு நீதிமன்றத்தில் நாறியிருந்தது. அன்றைக்கே முதலாளி இவரைக் கூப்பிட்டு, நம்மிடம் இப்படி ஒரு புகார் வந்தால் நீ அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற வீடு அது.

"நாலு மாசமா உங்க படம் வரலையே, கவனிச்சீங்களாம்மா?"

"தினமும் பார்க்கறேனே. வரல. நேத்து பாலம் இடிஞ்சப்பகூட வரல. அதான் நேர்லயே வந்து..."

"வராதும்மா! நாங்களே நிறுத்திட்டோம்."

அம்மாள் வாயைத் திறந்தாள். ஆசிரியர் அதற்குள் பேப்பர் துண்டுகளை ஆராயத் தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் குறிப்பு இருந்தது. முதல் துண்டில் '7.10, 14 நிமிடம்.' நடுவில் ஒன்றில் '8.25, 6 நிமிடம்.' கடைசித் துண்டில் '9.40, 1 நிமிடம்.'

வழக்குக்காக எவனோ ஒரு வக்கீல் சொல்லிக்கொடுத்த வேலை என்று அவர் முடிவு கட்டினார். அவளையே கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவருக்கு, எதிரில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்பதைத் தானே தீர்மானித்துத்தான் பழக்கம்.

"படத்தைப் பார்த்து வீட்டு ஆளுங்க பதறிப்போய் போன் பண்ணியிருப்பாங்களே?"

"வரும் தம்பி. படம் வந்துச்சுன்னா அன்னிக்குக் கண்டிப்பா போன் வரும்." அவள் கையிலிருந்த செல்போனைத் தடவிக்கொடுத்தாள். "அதைப் பத்தித்தான் உங்ககிட்ட..."

"நீங்க சொல்லவே வேணாம்மா. எனக்குப் புரியாதா? அந்தப் படம் உங்க நிம்மதியையே பறிச்சிடுச்சு. அதானே?" அவசரத்திலும் அது தலைப்பு மாதிரியே வந்து விழுந்தது.

கையோடு ஒரு கடிதத்தைத் தட்டெழுதி அச்செடுத்து அவள் முன் வைத்தார். 'என் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. இந்தப் பத்திரிகை மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரல் தயாராக நின்றது.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் கேட்க வந்தது நடந்துடுமா தம்பி?"

"இப்பவே. உங்க கண்ணு முன்னாலயே."

அவள் சிரித்தாள். அழாதபோது அந்த முகம் எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர் ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

அவர் படப் பிரிவுக்கு போன் போட்டார். "அந்த அழுகைக்காரம்மா படம் இருக்குல்ல? மூலப் படம், நகல், இன்டர்நெட்ல கிடக்கற பழைய செய்தி, எல்லாத்துலேர்ந்தும் தூக்கு. ஆமாய்யா, திரும்ப எடுக்கவே முடியாதபடி."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வரிசையாக இருந்த பதினோரு சின்ன முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசி முகமும் போனபோது அம்மாள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசிரியருக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு. வேலையும் தப்பியது.

"போச்சும்மா. இந்த ஜென்மத்துல இனி உங்க முகம் எங்க பேப்பர்ல வராது. இப்ப சந்தோஷம்தானே?"

அவள் கடைசித் துண்டின் பென்சில் குறிப்பையும் கையிலிருந்த செல்போனையும் பார்த்தாள். பிறகு காலித் திரையைப் பார்த்தாள்.

"இனிமே என் பையன் எதைப் பார்த்து எனக்கு போன் பண்ணுவான் தம்பி?"