முகப்புப் பக்கத்து வீடு

"வாப்பா, இன்னைக்காவது யாராச்சும் கேட்டாவளா?"

ஹபீப் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மத்ததுக்கெல்லாம் வந்திருக்கும்மா. அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல."

ஆஃபியா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூத்துக்குடியில் வாப்பா நடத்தும் ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தவள் அவள்தான். தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. சாயர்புரத்து மனைகள் போய்விட்டன. ஆலந்தலையில் கடலைப் பார்த்த இரண்டு வீடுகளும் போய்விட்டன. முகப்புப் பக்கத்தில் முதல் படமாக இருக்கும் காயல்பட்டினத்து வீடு மட்டும் அப்படியே நின்றது.

"தண்ணி இல்லாத மனைக்கே நாலு பேரு அடிச்சிக்கிடுதானுவ," என்றார் வாடிக்கையாளர்களுக்கு இடம் காட்டும் எஸ்றா. "இந்த வீட்டை ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டேங்கான். வாஸ்து சரியில்லன்னு சொல்லலாம்னா உங்க ஆளுக அதுவும் பாக்க மாட்டாவ."

ஹபீப் சிரித்தார். ஆஃபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது அவளுடைய வீடு. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகள் பிறந்ததுமே அவளுக்கென்று ஒரு வீட்டை நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆஃபியாவுக்குப் பதினெட்டு வயதானபோது மாடியோடு கட்டி முடித்தார் ஹபீப். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. தங்கை ஸஹ்லாவின் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். ஆஃபியாவின் வீட்டுக்கு வருடம் தவறாமல் வெள்ளையடித்து, மறுபடியும் பூட்டி வைக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் வராது.

தினமும் காலையில் வாப்பாவோடு பேருந்துக்குப் போகும்போது அந்தப் பூட்டைக் கடந்துதான் போக வேண்டும். தெருவில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பூட்டைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது ஆஃபியாதான். உம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஹபீப் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தார். விசாரணைகளுக்குப் பதில் எழுதும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு மாதம், படம் இருட்டாக இருக்கிறது என்றார். அவள் வெயில் நேரத்தில் போய் மறுபடி எடுத்தாள். அடுத்த மாதம், எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினாள்.

"இன்னொரு படம் போட்டுப் பாக்கலாமா?" என்றார் இப்போது.

"எத்தனை படம் வாப்பா?" அவள் குரல் உடைந்தது. "மாப்பிள்ளைதான் வரல. வாங்குதவனும் வர மாட்டாம்னா நான் என்ன செய்ய? அந்த வீடு போனாத்தான், இனி யாரும் வர மாட்டாங்கன்னு என் மனசு நம்பும். அது நிக்கிற வரைக்கும் நானும் அங்கனயேதான் நின்னுக்கிட்டு இருக்கேன்."

எஸ்றா டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்று கண்ணாடிக் கதவை அதிர வைத்துக் கடந்தது.

"பொறுமையா இரும்மா," என்றார் ஹபீப், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஒருவேளை அந்த ஒரு பக்கத்தில் மட்டும் விசாரணைப் படிவம் வேலை செய்யவில்லையோ? கேட்டவர்கள் கேட்டும் தகவல் வந்து சேரவில்லையோ? அப்படியென்றால் பிழை அவளுடையது. ஏழு மாதம் வீணாக அழுதிருக்கிறாள்.

வெளியாள் போலத் தளத்துக்குள் நுழைந்து, தன் வீட்டின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் மனதில் வந்த ஒரு பெயரைப் போட்டாள்: அம்ஜத். ஊர்: துபாய். சோதனைக்கென்று வைத்திருந்த வேறொரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாள். 'வீடு பிடித்திருக்கிறது. உடனே வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

எதிர் மேசையில் ஹபீபின் கைபேசி சிணுங்கியது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பழகிய விரலால் நாலைந்து தட்டுத் தட்டினார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன வாப்பா வந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ விளம்பரம்."

ஆஃபியாவின் திரையில், அம்ஜத்துக்கு எழுதிய பதில் வந்து நின்றது:

'அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. உங்களைப் போலப் பலரும் கேட்கிறார்கள், மன்னிக்கவும். அந்த வீடு விற்பனைக்கு இல்லை. என் மூத்த மகளுக்கு இன்ஷா அல்லாஹ் மாப்பிள்ளை வருவார், அப்போது அவள் குடியிருக்க வேண்டும். அவளுக்காக அல்லாஹ்விடம் துஆ கேளுங்கள்.'