தாளிக்காத ரசம்

மங்கையர்க்கரசி நடத்திய மெஸ்ஸில் இருந்த ஸ்மார்ட் அடுப்பு, எண்ணெயில் கடுகு வெடித்தாலே தீவிபத்து என்று முடிவுகட்டித் தானாக அணைந்துவிடும். ஊரில் வேறு அடுப்பு வைக்க அனுமதி இல்லை. அடுப்புக் கம்பெனிக்குப் பதினேழு முறை புகார் எழுதினாள். பதினேழு முறையும் ஒரே பதில்தான் வந்தது: "அடுப்பு வடிவமைத்தபடியே இயங்குகிறது." இதை எழுதுகிறவன் வீட்டில் கடுகே வாங்கமாட்டார்களா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தாளிப்பு இல்லாத சாப்பாட்டுக்குப் பயந்து, வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

பதினெட்டாவது புகாருக்குக் கம்பெனியிலிருந்து ஆளே வந்துவிட்டார். இன்பராஜ் என்று பெயர் சொன்னார். அடுப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுப்பைச் சரிபண்ண வரலைம்மா, உங்களைச் சரிபண்ணத்தான் அனுப்பியிருக்காங்க. தாளிக்காம சமைக்க பத்து நாள் பயிற்சி தருவோம். தப்பு உங்க மேலதான்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா புகாரை முடிச்சிடலாம்."

"போடாட்டி?"

"நாளையிலேர்ந்து அடுப்பே எரியாது."

அவள் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, ரசத்தை ஊற்றினாள்.

"மிச்சம் வைக்காம சாப்பிடுங்க. நல்லாயிருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்."

முதல் வாயிலேயே இன்பராஜின் முகம் கோணியது. இரண்டாவது வாய்க்கு முன் அவர் கை ஊறுகாய் ஜாடிப் பக்கம் நீண்டது. மங்கையர்க்கரசி ஜாடியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஊறுகாயெல்லாம் கிடையாது சார். கம்பெனி வடிவமைச்சபடியே சாப்பிடுங்க."