கதவைச் சாத்திவிட்டுக் கேட்டவர்கள்

"கதவைச் சாத்திடுங்க தம்பி. நாங்க வெளியில நின்னு கேக்குறோம்."

விற்பனையாளருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. கடையில் அவருக்கு 'டெசிபல்' என்றுதான் பெயர். ஹோம் தியேட்டர் பிரிவில் ஒன்பது வருடமாக நிற்கிறவர். இதுவரை வந்தவர்கள் எல்லாம் நடு சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, ஏசியையும் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"சார், இது டெமோ ரூம். உள்ள உக்காந்து கேட்டாத்தானே சார்..."

"உள்ள எல்லாப் பெட்டியும்தான் நல்லா இருக்கும். வெளியில எப்படிங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றார் வந்தவர். பக்கத்தில் அவர் மனைவி அழுத்தமாகத் தலையாட்டினார்.

டெசிபலுக்கு மெய் சிலிர்த்தது. காது தேர்ந்த ரசிகர்கள் பக்கத்து அறையில் நின்று கேட்டுத்தான் ஒலியை எடை போடுவார்கள் என்று எப்போதோ படித்திருந்தார். அப்படி ஒரு ஜோடி, அதுவும் இன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது!

அலமாரியில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கு இன்றுதான் கடைசி நாள். ஒலியைப் பிரித்து, எந்த ஸ்பீக்கர் எப்போது எவ்வளவு பேச வேண்டும் என்று உத்தரவு போடும் ஆடியோ பிராசஸர் அது. அந்த விலைக்கு ஒரு சின்ன காரே வாங்கிவிடலாம். எட்டு மாதமாக விலைச் சீட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள். காலையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "சாயங்காலத்துக்குள்ள இது போகலைன்னா, இந்த ரூமைக் காலி பண்ணி வாஷிங் மெஷின் அடுக்கப்போறேன். நீயும் அதையே வித்துக்க."

டெசிபல் முதலில் சாதாரணப் பெட்டியை இணைத்தார். திரையில் மழை, இடி, சரிந்து விழும் பாலம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, அந்தம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இதேதாங்க! அப்படியே வயித்தைப் பிசையுது."

"இது சும்மா விலை குறைஞ்சது மேடம். இப்பக் கேளுங்க!"

கறுப்புப் பெட்டிக்கு மாற்றி, அதே காட்சியை அதே அளவில் ஓடவிட்டார். மறுபடி வெளியே வந்தார். கணவர் சுவரில் காதை ஒட்டியிருந்தார். மனைவி நடைபாதைத் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்திருந்தார். எதிரே ஃப்ரிட்ஜ் பார்க்க வந்த குடும்பம் ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தது.

"சத்தத்தைக் குறைச்சு ஏமாத்தலையே தம்பி?"

"சத்தியமா இல்ல சார்! வந்து வால்யூம் நம்பரைப் பாருங்க."

பார்த்தார்கள். உள்ளே சோபாவே அதிர்ந்தது. இடி உச்சந்தலையில் இறங்கியது. எண் மாறவில்லை. இருவரும் மறுபடி வெளியே ஓடினார்கள், மறுபடி உள்ளே வந்தார்கள். பெரியவர்கள் இருவர் கண்ணாமூச்சி ஆடுவதைப் பார்த்து டெசிபலுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக அவரும் சேர்ந்துகொண்டார்.

"அதுவும் பெட்டி, இதுவும் பெட்டி. விலை மட்டும் ஏன் பத்து மடங்கு?" கணவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"அது வர்ற சத்தத்தை அப்படியே கொட்டும் சார். இது யோசிக்கும். எந்தச் சுவத்துல முட்டி சத்தம் வீங்குதுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்துல மட்டும் அடக்கும். அந்த மூளைக்குத்தான் சார் விலை."

"ஏங்க, வாங்கிடலாங்க" என்ற மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. "இதுக்கு எவ்வளவு வேணா குடுக்கலாம்."

ஒலிக்காகக் கண்ணீர் விடும் ஒரு பெண்மணி! இந்த ஒன்பது வருடம் வீண் போகவில்லை என்று டெசிபலுக்குத் தோன்றியது. அவருக்கும் கண்ணைக் கரித்தது.

அந்தம்மா யாருக்கோ போன் போட்டார். "அக்கா, பார்த்தாச்சு. இதேதான். எல்லார்கிட்டயும் கேட்டுச் சொல்லுங்க... எல்லாருக்கும் சம்மதமா? நிஜமாவா?"

பெரிய கூட்டுக் குடும்பம் போலிருக்கிறது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஒற்றுமையா என்று டெசிபல் வியந்தார். கார்டைத் தேய்த்து ரசீது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்ததும் முதலாளிக்குப் போன் போட்டு, "வாஷிங் மெஷினை வேற எங்கயாவது அடுக்கிக்குங்க சார்!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார்.

"நாளைக்கு நானே வந்து மாட்டித் தர்றேன் சார். நீங்க வழக்கமா இருக்கிற இடத்துல ஒரு மைக்கை வச்சு அளந்து, அந்த இடத்துக்குத் தக்கபடி செட் பண்ணணும். உங்க சோபா எந்தப் பக்கம் இருக்கு?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மைக்கை மூணாவது மாடியில எங்க கட்டில் மேல வச்சிடுங்க தம்பி" என்றார் கணவர். "பெட்டியை ரெண்டாவது மாடிக்காரர் வீட்டுல மாட்டிடுங்க. பதினாறு வீடும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் குடுக்கிறோம். எங்க வீட்டுல டிவியே கிடையாது."